இடப்பக்கம் சாய்ந்த கோடு

அத்தியாயம் ஏழு

நஹ்லாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவாள். அன்றைக்கு லேப் படிக்கட்டு ஏறும்போதே கழற்றிவிட்டாள்.

"உஸ்தாதா, கண்ணாடி இல்லாம உங்களுக்குப் படி தெரியாது. கோபத்துல விழுந்தாலும் உடையுறது காலுதான்," என்றான் பின்னால் வந்த ஹுதைஃபா. வக்கீலம்மாவை அங்கே உஸ்தாதா என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் வாயில் எள்ளு ரொட்டி.

"வாயை மூடிட்டு ஏறுடா."

"மூடினா ரொட்டி எப்படிப் போகும்?"

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்ச ரொட்டி சட்டைப் பைக்குள் போனது. மூன்று வருடமாக அவளிடம் உதவியாளனாகக் குப்பை கொட்டுகிறான். எந்தப் பார்வைக்கு எதை ஒளிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

அம்மானில், ஜபல் ஹுசைன் கடைத்தெருவுக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது அந்த ரத்தப் பரிசோதனை லேப். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் தலசீமியா பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வருகிற இடம். இருவர் ரத்தத்திலும் அந்தக் குறை ஒளிந்திருந்தால், பிறக்கிற பிள்ளை ஆயுசு முழுக்க ஊசியும் ரத்தப் பையுமாக வாழ வேண்டி வரலாம். ரந்த் என்ற பெண்ணுக்குக் குறை இருந்தது. அவளைக் கட்டப்போகிறவனுக்கும் இருந்தது. ஆனால் லேப் கொடுத்த தாளில் ரந்துக்கு 'இல்லை' என்று வந்தது. ரந்தின் அக்கா நர்ஸ். அவளுக்கு ஏதோ உறுத்தியது, தங்கையை வேறொரு லேபுக்கு இழுத்துக்கொண்டு போனாள், குட்டு உடைந்தது. யாரோ கம்ப்யூட்டரில் புகுந்து 'உண்டு' என்பதை 'இல்லை' ஆக்கியிருக்கிறார்கள்.

யார் புகுந்தது என்று கேட்டால், தஹானி என்கிறது கம்ப்யூட்டர். லேபில் பல வருடமாக வேலை செய்கிறவள். நேற்று நஹ்லாவைத் தேடி வந்தாள். அழவில்லை. ஆனால் கொடுத்த டீயைத் தொடவே இல்லை. "நான் செய்யல. ஆனா என் பேர்ல இருக்கு," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். மதிய லுஹர் தொழுகைக்கு முன்னால் போலீஸ் வந்து அவளை அழைத்துப் போகப் போகிறது. அதற்குள் ஏதாவது கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் ஒரு கல்யாணப் பெண்ணின் ரத்த முடிவைக் காசுக்கு மாற்றியவள் என்ற பேர்தான் அவளுக்கு மிஞ்சும்.

லேப் முதலாளி டாக்டர் நிஸார் வாசலிலேயே கத்திக்கொண்டிருந்தார். கத்துவதற்கு அவருக்குக் காரணமும் இருந்தது. மாப்பிள்ளைப் பையன் அவருடைய சொந்த அக்கா மகன்.

"என் வீட்டுக்குள்ளயே குழி தோண்டியிருக்கா," என்றார் நஹ்லாவிடம். "என் அக்கா பேரன் பேத்தி பார்க்கணும்னு கிடக்கிறவ. இவளை நம்பித்தானே ரத்தச் சோதனைக் குழாயைக் கையில குடுத்தேன். உம்மு ஷதா, உள்ள வந்து கதவைச் சாத்து."

தஹானி வந்து சாத்தினாள். ஷதா அவளுடைய ஒரே மகள். உம்மு என்றால் தாய்; மகன் பேரிலோ மகள் பேரிலோ தாயைக் கூப்பிடுவது அந்த ஊர் மரியாதை. மரியாதையை மட்டும் கைவிடாமல் மனுஷியை மிதிக்க முடியும் என்பதை நஹ்லா அன்று பார்த்தாள். அவளுக்குக் காது மடல் சூடேறியது.

டாக்டரின் அறையில் வாயெல் உட்கார்ந்திருந்தான். லேப் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். அவன்தான் ஆராய்ந்து அறிக்கை எழுதியவன்.

"தஹானி பேர்ல உள்ள போறதுக்குச் சத்த முன்னாடி, ஒரு தடவை யாரோ முயற்சி பண்ணித் தோத்திருக்காங்க," என்றான் அவன். திரையைக் காட்டினான். "பேர் இருக்க வேண்டிய இடத்துல இது இருக்கு பாருங்க."

முதலில் ஆங்கில ஏ. அடுத்து இடப்பக்கம் சாய்ந்த ஒரு கோடு. பிறகு என். கடைசியில் 2011.

"இது என்ன கிறுக்கல்?" என்றாள் நஹ்லா.

வாயெல் தொண்டையைச் செருமிக்கொண்டான். இந்தக் கேள்விக்காகவே இரவெல்லாம் காத்திருந்தவன் போல இருந்தது. "சாய்கோடும் என்னும் பக்கத்துல பக்கத்துல வந்தா, எங்க பாஷையில 'அடுத்த வரிக்குப் போ'ன்னு அர்த்தம். புரோகிராம் எழுதுறவங்களுக்குத்தான் தெரியும். இது பூட்டை உடைக்கிற வித்தை. தஹானிக்கு வெளியில யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க."

"இந்தக் கட்டடத்துல அந்தப் பாஷை யார் யாருக்குத் தெரியும்?" என்று ஹுதைஃபா பணிவாகக் கேட்டான்.

"எனக்கு மட்டும்தான்."

வாயெலின் முகம் மெல்ல வெளுத்தது.

"வழக்கு முடிஞ்சுது உஸ்தாதா. வீட்டுக்குப் போலாம்," என்றான் ஹுதைஃபா.

"சும்மா இரு." நஹ்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மாட்டினால் யோசிக்கிறாள் என்று அர்த்தம். "இதை எந்தக் கம்ப்யூட்டர்ல அடிச்சாங்க?"

"அது பதிவாகாது."

"ஏன்?"

"புரோகிராம் செஞ்சவங்க அது தேவைன்னு நினைக்கல."

"நினைக்கல," என்று அவள் அந்தச் சொல்லைக் கடித்தாள். "எவனோ ஒருத்தன் குளு குளுன்னு அறையில உட்கார்ந்துகிட்டு நினைக்கல. இங்க ஒருத்தி கையில விலங்கு மாட்டப் போறாங்க. சரி, பேர் இருக்கிற இடத்துல இந்தக் கிறுக்கல் எப்படி வந்தது?"

"அது தினமும் நடக்குறதுதான் மேடம். திரையில ஜன்னல் திறந்ததும் கர்சர் பேர்ப் பெட்டியில போய் நிக்கும். கடைசியா வந்தவங்க பேர் அங்க ஏற்கெனவே நிரம்பியிருக்கும். பேர்தான் இருக்கேன்னு நேரா பாஸ்வேர்டை அடிச்சிடுவாங்க. அது பழைய பேரை அழிச்சுட்டுப் பேர்ப் பெட்டியில விழுந்துடும். பாஸ்வேர்டுன்னா கம்ப்யூட்டர் புள்ளி புள்ளியா மறைச்சு வைக்கும். பேரை எதுக்கு மறைக்கணும்? அப்படியே எழுதி வச்சுக்கும்."

"அப்ப இது பூட்டை உடைக்கிற வித்தையே இல்ல. ஒரு பாஸ்வேர்டு. தப்பான பெட்டியில விழுந்திருக்கு. அவ்வளவுதானே?"

வாயெல் அறிக்கையை மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

ஹுதைஃபாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "உஸ்தாதா, இது பாஸ்வேர்டு மட்டுமில்ல. மொழி மாத்த மறந்த பாஸ்வேர்டு."

அம்மானில் இந்தத் தப்பைச் செய்யாதவர் என்று ஒருவர் இருந்தால், அவர் கம்ப்யூட்டரையே தொடாதவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு பொத்தானிலும் ஆங்கில எழுத்தும் உண்டு, அரபி எழுத்தும் உண்டு. எந்த மொழி ஓடுகிறது என்று திரையின் கீழ் மூலையில் எறும்பு அளவுக்கு ஒரு குறி சொல்லும். அதை யார் பார்க்கிறார்கள்? அரபி என்று நினைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக அடித்துவிட்டு நிமிர்ந்தால், ஆங்கில எழுத்துகள் அள்ளிக் கொட்டிய மாதிரி கிடக்கும்.

"ஏ இருக்கிற பொத்தான்ல அரபியில 'ஷ'. என் இருக்கிறதுல கடைசியில வர்ற 'ஆ'," என்று ஹுதைஃபா விரல் விட்டு எண்ணினான். "ஷ... நடுவுல என்னமோ... ஆ. அப்புறம் 2011."

"ஷதா," என்றார் டாக்டர் நிஸார். மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "ஷதா 2011. அவ பொண்ணு. பொறந்த வருஷம். வருஷா வருஷம் கேக் கொண்டு வந்து ஊட்டுவாளே."

எல்லோரும் தஹானியைப் பார்த்தார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என் பாஸ்வேர்டுதான்," என்றாள் மெதுவாக.

"கேட்டுக்கோங்க. நீங்க கூட்டிட்டு வந்த பையனே கண்டுபிடிச்சுக் குடுத்துட்டான்," என்றார் டாக்டர். அவர் முகத்தில் கோபம் போய் வேறென்னவோ வந்திருந்தது. நிம்மதி மாதிரி.

நஹ்லா எழுந்து ஹுதைஃபாவின் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி மறுபடி கையில் இருந்தது.

"அவளைக் காப்பாத்தத்தான் வந்தோம். நீ கயித்தைத் திரிச்சு அவ கழுத்துலயே மாட்டிட்டே. புத்திசாலித்தனத்தைக் காட்ட உனக்கு வேற நேரமே கிடைக்கலையா?"

ஹுதைஃபா தஹானியின் காலி நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய கீபோர்டை வெறித்துக்கொண்டிருந்தான்.

"திட்டுறேன்ல, காதுல விழுதா?"

"விழுது உஸ்தாதா. ஒரு எழுத்தை விழுங்கிட்டேன். அது தொண்டையில நிக்குது."

"எந்த எழுத்து?"

"நடு எழுத்து. புள்ளித் தால்."

அரபியில் தால் இரண்டு. தலையில் புள்ளி இல்லாதது ஒன்று, புள்ளி வைத்தது ஒன்று. ஷதாவின் நடுவில் வருவது புள்ளி வைத்தது. ஹுதைஃபாவின் பேரிலும் அதேதான்.

"பேர்ல இது இருக்கிறவனுக்குத்தான் இதோட அருமை தெரியும்," என்றான். குரலில் உண்மையான ஆத்திரம் இருந்தது. "கீபோர்டு செஞ்ச மகராசன் லாமும் அலிஃபும் ஒட்டிப் பிறந்த ஜோடிக்குத் தனி வீடு கட்டிக் குடுத்தான். நட்ட நடு மையத்துல. அது ஒரு எழுத்தே இல்ல, ரெண்டு எழுத்து. அதைத் தனித்தனியாவே அடிச்சுக்கலாம். என் தாலுக்கு மட்டும் இடமில்லன்னு கொண்டு போய் இடது பக்க மூலையில, ஒண்ணாம் நம்பருக்கு வெளியில தள்ளிட்டான். என் பேரை நானே அடிக்கணும்னா சுண்டு விரல் சுளுக்கிக்குது. இதோ பாருங்க."

மூலைப் பொத்தானைக் காட்டினான். ஆங்கிலத்தில் ஒரு சின்னத் தூசி மாதிரிக் குறி. அதே பொத்தானில் அரபியில் புள்ளித் தால்.

மொழியை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு 'ஷதா' என்று அடித்தான். திரையில் ஏ வந்தது. பிறகு அந்தத் தூசி. பிறகு என்.

நஹ்லா குனிந்து பார்த்தாள். கண்ணாடி தானாக மூக்கில் ஏறியது. "சாய்ந்த கோடு எங்கே?"

"அதான். சாய்ந்த கோடு அந்தப் பக்கம், எண்டருக்குப் பக்கத்துல இருக்கு. அதுல அரபி எழுத்தே கிடையாது, பாருங்க. தஹானி மொழி மாத்த மறந்திருந்தா தூசிதான் விழுந்திருக்கும். கோடு விழணும்னா, அடிச்சவங்க கீபோர்டுல தால் எண்டர் பக்கத்துல குடியிருக்கணும். அப்படியும் ஒரு ஜாதி கீபோர்டு உண்டு. எங்க மாமா கடையில இருந்துச்சு. அங்க போனா என் பேர் எனக்கே பிடிபடாது."

அவள் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அது பாராட்டு. பிறகு இருவரும் லேபைச் சுற்றினார்கள். ரத்தம் எடுக்கிற அறை, வரவேற்பு மேசை, வாயெலின் மேசை, ஸ்டோரில் கிடந்த பழைய கம்ப்யூட்டர். எல்லாம் ஒரே கடையில் மொத்தமாக வாங்கிய ஒரே மாதிரி கீபோர்டு. எல்லாவற்றிலும் தால் மூலையில் கிடந்தது.

"ஒண்ணு பாக்கி," என்றாள் நஹ்லா.

"அவர் நம்மளைத் தொட விடுவாரா?"

அதற்குள் டாக்டரே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். தெருவில் போலீஸ் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"தம்பி, நீ சொன்னதை ஒரு வாக்குமூலமாக் குடுத்துடு. இந்த வார்த்தை தஹானியோட பாஸ்வேர்டுதான்னு கண்டுபிடிச்சது நீன்னு. போலீஸ் மேல வர்றதுக்குள்ள அடிச்சு கையெழுத்து வாங்கிக்கிறேன்."

"வாயெலை அடிக்கச் சொல்லட்டுமா?" என்றாள் நஹ்லா.

"வேண்டாம். அவன் அறிக்கை எழுதின லட்சணம்தான் தெரிஞ்சுதே. நானே அடிக்கிறேன்."

நஹ்லா ஹுதைஃபாவின் காலை மிதித்தாள். அவன் வலியை முகத்தில் காட்டாமல், "உங்க புண்ணியம் டாக்டர்," என்றான்.

டாக்டர் தன் அறைக்குத் திரும்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய கீபோர்டு அகலமானது, கறுப்பு, மற்றவை போல இல்லை. கொஞ்ச நேரம் முன்பு வரை அதன் மேல் கோப்புகள் கிடந்தன. திரையின் கீழ் மூலையில் இருந்த எறும்புக் குறியை நஹ்லா பார்த்தாள். ஆங்கிலம். வாயெல் கடைசியாக விட்டுப்போன கோலம். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"சொல்லு," என்றார் டாக்டர்.

"உஸ்தாதா நஹ்லாவின் உதவியாளன் ஹுதைஃபா ஆகிய நான்," என்று ஹுதைஃபா நிறுத்தி நிறுத்திச் சொன்னான். உஸ்தாதாவிலும் புள்ளித் தால் உண்டு. ஹுதைஃபாவிலும் உண்டு.

டாக்டர் இரண்டு விரலால் அடிக்கிறவர். கழுத்தை வளைத்துப் பொத்தான்களையே பார்த்து, ஒவ்வொன்றாகத் தேடிக் குத்தினார். திரையை ஒருமுறையும் பார்க்கவில்லை. வலது கை ஆள்காட்டி விரல் இரண்டு தடவை எண்டர் பக்கம் போய் வந்தது.

"மேல சொல்லு."

"டாக்டர், கொஞ்சம் தலையைத் தூக்குங்க," என்றாள் நஹ்லா.

அவர் தூக்கினார். திரையில் ஆங்கில எழுத்துகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, இடப்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"சே, மொழி மாத்த மறந்துட்டேன். எல்லாரும் செய்றதுதான்," என்று சிரித்தபடி அழிக்கப் போனார்.

ஹுதைஃபா அவர் கையைப் பிடித்துக்கொண்டான். பிடியில் மரியாதை இல்லை.

"எல்லாரும் மறக்குறதுதான்," என்றாள் நஹ்லா. "அன்னைக்கும் மறந்தீங்க. கர்சர் தப்பான பெட்டியில நின்னதையும் கவனிக்கல, பொத்தானைத்தானே பார்த்துட்டிருந்தீங்க. தஹானி மறந்தா வேற குறி விழும். வரவேற்புல மறந்தா வேற குறி. வாயெல் மறந்தாலும் வேற குறிதான். இந்தக் கோடு விழ இந்த லேப்ல ஒரே ஒரு கீபோர்டுதான் இருக்கு. அதுக்கப்புறம் மொழியை மாத்தி சரியான பெட்டியில அடிச்சீங்க. கதவு திறந்துச்சு."

வாயெல் எழுந்து வந்து கறுப்புக் கீபோர்டைக் குனிந்து பார்த்தான். எண்டருக்குப் பக்கத்தில், சாய்கோட்டோடு ஒரே பொத்தானில், தலையில் புள்ளியோடு தால் உட்கார்ந்திருந்தது. அவன் தன் அறிக்கையை நாலாகக் கிழித்தான்.

"அவ பாஸ்வேர்டு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர்.

"உம்மு ஷதா, உம்மு ஷதான்னு நாள் பூரா நீங்கதானே கத்துறீங்க," என்றான் ஹுதைஃபா. "பாஸ்வேர்டை ஊருக்கே கேக்குற மாதிரிச் சொல்லிக் கூப்பிடுற ஊர் நம்ம ஊர் டாக்டர். வருஷம் கேக்குலயே எழுதியிருக்கும்."

டாக்டரின் குரல் இறங்கியது.

"அக்கா அழுதா. மண்டபம் சொல்லியாச்சு, பத்திரிகை போயாச்சு. பையன் அவளைத் தவிர வேற யாரையும் கட்டமாட்டேங்கிறான். இது நோய் கூட இல்ல, சும்மா ரத்தத்துல தூக்கிட்டுத் திரியுற குறை. புள்ளைக்கு வராமலே போகலாம். நாலுல ஒரு பங்குதான்."

நஹ்லாவின் கை மேசை விளிம்பை இறுக்கியது. இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தது பொங்கி வந்தது.

"நாலுல ஒரு பங்கு. சீட்டுக் குலுக்குறீங்களா? அந்த ஒரு பங்கு விழுந்தா ஊசி குத்திக்கப்போறது நீங்களா, உங்க அக்காவா? ரந்துகிட்டே உண்மையைச் சொல்லியிருந்தா அவளே முடிவு பண்ணியிருப்பா. கட்டிக்குவாளோ, மாட்டாளோ, கட்டிக்கிட்டுப் புள்ளை வேண்டாம்னுவாளோ, அது அவ பாடு. அவ வயித்துக்கு நீங்க யாரு முடிவெடுக்க? எடுத்ததும் எடுத்தீங்க, உங்க பேர்ல எடுக்கத் தைரியமிருந்துச்சா? ஒரு கூலிக்காரி பேர்ல ஒளிஞ்சுகிட்டீங்க."

டாக்டர் சுவரோரம் நின்ற தஹானியைப் பார்த்தார். இன்னும் அவரால் அவளை வளைத்துவிட முடியும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"நான் உன்னை விட்டுட மாட்டேன். வக்கீல் வச்சு வெளிய எடுத்திருப்பேன். உன் பொண்ணு படிப்பு என் பொறுப்புன்னு நினைச்சிருந்தேன். நீ சொல்லும்மா, உம்மு ஷதா."

"அப்படிக் கூப்பிடாதீங்க," என்றாள் தஹானி.

இத்தனை வருடத்தில் அவரிடம் அவள் இப்படிப் பேசியதில்லை. சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு நேராக நின்றாள்.

கதவு தட்டப்பட்டது. இரண்டு போலீஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள். மூத்தவர் அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"தஹானிங்கிறது யாரு?"

வாயெல் தரையைப் பார்த்தான். ஹுதைஃபா பதில் சொல்ல வாயெடுத்தான், நஹ்லா கையைக் காட்டி அடக்கினாள். இது அவளோ அவனோ சொல்ல வேண்டியது இல்லை.

"நான்தான் தஹானி," என்றாள் அவள். "என் பொண்ணு பேரைச் சொல்லிக் கதவைத் திறந்தவர் அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கார். அவரைக் கூட்டிட்டுப் போங்க."